சொத்து உள்ளே, மெக்னீசியம் வெளியே

கண்ணா,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உனக்கு ஏழு வயதானதிலிருந்து ஒன்பது வயது வரைக்கும், நான் வேலை பார்த்த ஆலையிலிருந்து தினமும் ஒரு கேன் தண்ணீர் திருடினேன். அங்கே செம்புக் கம்பி திருடி மாட்டியவன் உண்டு; கேண்டீனில் முந்திரிப்பருப்பு திருடி மாட்டியவனும் உண்டு. வாசலில் கடலும் கொல்லையில் கிணறுமாக இருக்கிற ஊரில் தண்ணீரைத் திருடிய ஒரே மேதாவி உன் அப்பன்தான். அதுவும் சாதாரணத் தண்ணீர் இல்லை. கொதிகலனுக்காகக் கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு என்று ஒன்று விடாமல் உருவி எடுத்துவிட்ட தண்ணீர். அப்படி உருவுகிற பிரிவில் நான் கெமிஸ்ட். பத்து லிட்டர் வெள்ளைக் கேனில் பிடித்து, ஆபீஸ் பஸ்ஸில் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வருவேன். முதல் நாள் கேட்டில் காவலாளி நிறுத்தினார். "இன்னா சார் கேன்ல?" "பேட்டரித் தண்ணிப்பா, ஸ்கூட்டருக்கு." ஒரு வாரம் பொறுத்தவர் எட்டாவது நாள் கேனைத் தட்டிப் பார்த்தார். "டெய்லி பத்து லிட்டரா? ஸ்கூட்டர் வெச்சிகினு கீறீங்களா, சப்மரீன் வெச்சிகினு கீறீங்களா சார்?" பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். என் பிழைப்பு முழுக்க அதை வைத்துத்தான் ஓடியிருக்கிறது.

அந்தத் தண்ணீரைத்தான் உனக்குக் குடிக்கக் கொடுத்தேன். இதையெல்லாம் நேரில் பேசலாம் என்றால் நீ என் போனை எடுப்பதில்லை. செங்கல்பட்டில் நீயும் இரண்டு நண்பர்களும் தங்கியிருக்கிற அறைக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. தட்டினால் கிரிக்கெட் மட்டும் நிற்கிறது. உன் நண்பர்களில் ஒருவன் என் துணுக்குகள் வருகிற இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறான் என்று உன் அம்மா சொன்னாள். அந்த ரசனை கெட்ட பையனை நம்பித்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். விஷயம் ஒன்றே ஒன்று. உனக்கு இருபத்து மூன்று வயது. உன் இரண்டு கிட்னியும் போய்விட்டன. என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள் என்கிறேன். நீ வேண்டாம் என்கிறாய்.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் நான் அதைச் சொன்ன விதம் சரியில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஒரு மனிதன் தன் மகனிடம் வாழ்நாளில் ஒரு தடவை சொல்லக்கூடிய வாக்கியம் அது. அதை நான், "அப்பாகிட்ட டபுள் பெட்ரூம் இருக்குடா, ஒண்ணுல நீ குடி வந்துக்கோ, அட்வான்ஸ் வேணாம்" என்று சொன்னேன். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நீ கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாய். "உன் தண்ணிய ரெண்டு வருஷம் குடிச்சேன், போதும். இதுவும் உள்ள போவும், நீ அத வெச்சி ஒரு துணுக்கு எழுதுவ, நாலு பேர் சிரிப்பான், அத நான் வேற படிக்கணும். வேணாம்பா." செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். இதோ, நீ சொன்னபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி நீ தப்பாகக் கணித்ததாக ஒரு சந்தர்ப்பம்கூட எனக்கு நினைவில்லை.

ஆறு வயதில் உனக்குத் தாகம் தொடங்கியது. சொம்பு சொம்பாகக் குடித்தாய், அதே அளவுக்கு ஒன்றுக்கும் போனாய். உன் டீச்சர் உன்னைக் கதவோர பெஞ்சில் உட்காரவைத்து, பாடம் நடத்த வசதி செய்துகொண்டாள். பிறகு இடுப்பு வலி. செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்தோம். பெயர் வேண்டாம்; இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது, முன்பைவிட நல்ல வைத்தியம் நடக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு உதுத்தா மாதிரி கல்லு. தண்ணிய மாத்திப் பாருங்க" என்றார். ஏழு வயதுப் பையனுக்கு இரண்டு கிட்னியிலும் ஏன் சுண்ணாம்பு உதிர வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த டோக்கன் வெளியே நின்றது. எனக்கு என் படிப்பு உள்ளே நின்றது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செய்யூரிலிருந்து என் தாய்மாமன், அதாவது உன் அம்மாவைப் பெற்றவர், சவுக்கு வெட்டு முடிந்த கையோடு ஒரு சாக்கு வாழைத்தண்டுடன் வந்து இறங்கினார். "மாப்ளே, இத்த இட்ச்சி ஜூஸா குட்த்துகினே இரு. கல்லு இன்னா கல்லு, பாறையே கரைஞ்சி பூடும்." சாக்கு முழுவதையும் நீ குடித்தாய். பாறை கரையவில்லை; ஒரு வாரம் நம் வீட்டுக் குழாய்தான் நாரால் அடைத்துக்கொண்டது. என் தங்கை ஒரு படி மேலே போனாள். அச்சரப்பாக்கத்தில் ஒருவர் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சியே கல்லை எடுத்துவிடுகிறார் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் உறிஞ்சினார், உள்ளங்கையில் துப்பினார், காட்டினார். அது ஜி.எஸ்.டி. ரோட்டு ஜல்லி. படாளத்துக்கு இந்தப் பக்கம் பொறுக்கியதா அந்தப் பக்கம் பொறுக்கியதா என்பதுவரை என்னால் சொல்லியிருக்க முடியும். இவர்களையெல்லாம் நான் இளக்காரமாகப் பார்த்தேன். இளக்காரம் எனக்கு எப்போதும் சரளமாக வரும். இத்தனை முட்டாள்களுக்கு நடுவில் விஷயம் தெரிந்த ஒருவன் இருக்கிறானே என்று உனக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

எனக்குத்தான் அயனிகளைத் தெரியுமே! ஆலையில் என் பொறுப்பில் இரண்டு பெரிய தொட்டிகள். உள்ளே கடுகு மாதிரி ரெசின் மணிகள். முதல் தொட்டி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது தொட்டி குளோரைடையும் சல்பேட்டையும் பிடித்துக்கொள்ளும். மணிகள் களைத்துப்போனால் ஒன்றுக்கு ஆசிட், இன்னொன்றுக்குக் காஸ்டிக் ஊற்றித் தட்டி எழுப்புவோம். எது போகலாம், எது போகக்கூடாது என்று தண்ணீருக்கே உத்தரவு போடுகிறவன் நான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த காலம். உப்பு இருக்கிற தண்ணீரால் கல் வருகிறது. ஆகவே உப்பே இல்லாத தண்ணீர் குடித்தால் கல் வராது. இவ்வளவு நேரான முட்டாள்தனம் படிக்காதவனுக்கு வராது. அதற்குக் கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியிருக்க வேண்டும். முதல் டம்ளரை வாயில் வைத்துவிட்டு நீ முகத்தைச் சுளித்தாய். "அப்பா, இதுல ஒண்ணுமே இல்லப்பா." "ஒண்ணுமே இல்லாததுதாண்டா இதோட பெருமை" என்றேன். சமையலும் அதில்தான் நடந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்து, விரலைச் சொடுக்கி, "எப்படி?" என்று கேட்பேன். அவர்கள் என் சம்பள ஸ்கேலை நினைத்து, "பிரமாதம் சார்" என்பார்கள். உன் நாக்கு ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. அதன் பேச்சை யார் கேட்டார்கள்?

இப்போது மாமல்லபுரம். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் இதுவரை சொல்லிவந்த மாதிரி இல்லை.

உன் ஒன்பதாவது வயது, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செய்யூர்க் கும்பல் வேன் பிடித்து வந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே நாட்டியம் நடக்கிற சீசன். ஓரமாக மேடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாறைச் சிற்பங்களைச் சுற்றிவிட்டு, புல்லில் உட்கார்ந்து, எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். உன் கை அப்போதுதான் இழுத்தது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டு குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், இரண்டு கையும் ஒரே மாதிரி விறைத்து நின்றன. "அப்பா, கை வர மாட்டேங்குது" என்றாய். மாமா பார்த்தார். "இன்னாடா, அபிநயம் புட்ச்சிகினு கீற?" கும்பல் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது, கண்ணா. சபை கிடைத்தால் நான் என்ன ஆவேன் என்பது உனக்குத் தெரியும். "ஊரு மண்ணு அப்படி மாமா. இங்க கல்லே முத்திரை புடிக்குது, என் புள்ள புடிக்கமாட்டானா? அடுத்த வருஷம் அதோ அந்த மேடைல ஏத்துறேன்." பதினான்கு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அதோடு விட்டேனா? எழுந்து நின்று, தொடையில் தாளம் போட்டு, ஜதி சொன்னேன். நீ அழுதாய். அழுகையில் உன் தோள் குலுங்க, கைகள் அதே முத்திரையில் நிற்க, என் ஜதிக்கு நீ ஆடுவது போலவே இருந்தது. சிரிப்பு இரண்டு மடங்கானது. "அப்பா, வலிக்குதுப்பா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். கேட்டது. கடைசி அடி பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் குனிந்தேன்.

நான் குனிந்தபோது உனக்கு வலிப்பே வந்துவிட்டது. யாரோ, "இரும்பு குடு, இரும்பு குடு" என்று கத்தி, உன் கையில் ஒரு சாவியைத் திணித்தார்கள். அது வேன் சாவி. அப்புறம் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வேனில் ஏறி உட்கார்ந்து, சாவி எங்கே என்று பதினான்கு பேரும் ஒருவர் பையை ஒருவர் தடவினோம். உன் அம்மாதான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். சாவி பதிந்த தடம் உன் உள்ளங்கையில் இரண்டு நாள் இருந்தது. என் தங்கை அதற்கு மஞ்சள் தடவிவிட்டு, தன் பங்கு வைத்தியம் முடிந்தது என்று ஊருக்குப் போனாள்.

ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாலு வருடம் அதை முழுங்கினாய். கேன் தண்ணீரை நிறுத்தினேன். ஞானம் வந்து நிறுத்தவில்லை. ஆலையில் என்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள், அதனால் நின்றது. தெருக்குழாய்த் தண்ணீருக்கு மாறிய பிறகு உன் கை இழுப்பது கொஞ்சம் குறைந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று அந்த டாக்டருக்குத் தீபாவளி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

உனக்குப் பதிமூன்று வயதில் சென்னைக்குப் போனோம். அந்தக் கிட்னி டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட மெக்னீசியம் பாக்கலையா?" பார்த்தார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் பாதாளத்தில் இருந்தது. சிறுநீரில் மெக்னீசியமும் கால்சியமும் கொட்டிக் கிடந்தன. "என்ன தண்ணி குடிச்சிட்டிருந்தான்?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ரெசின் தொட்டியில் தொடங்கி விளக்கமாகச் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கடித்தபடி முழுவதையும் கேட்டார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" "கெமிஸ்ட்ரி." "அப்படியுமா?" என் எழுத்துக்கு எத்தனையோ மோசமான விமர்சனங்கள் வந்திருக்கின்றன. இவ்வளவு சுருக்கமாக ஒன்று வந்ததில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "உங்க தண்ணியால கிட்னி போகல சார். அது பொறவியிலயே இருக்கு. ஆனா கை இழுத்ததுக்கு நீங்க நல்லா ஒத்தாச பண்ணியிருக்கீங்க."

பிறகு லேப் காகிதத்தின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிட்னி என்பது வெறும் வடிகட்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வடிகட்டுவது பாதி வேலைதானாம். வடிந்து இறங்குகிற தண்ணீரில் உடம்புக்கு வேண்டியதும் சேர்ந்தே இறங்கிவிடுகிறது. அதை வழியிலேயே மடக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் மயிரிழைக் குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. குழாயின் சுவர் என்பது செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வரிசை. "நம்ம தெருவுல ஒட்டி ஒட்டி வீடு இருக்கில்ல, அந்த மாதிரி" என்றார். சில சரக்கு வீட்டு வாசல் வழியாக உள்ளே போய்க் கொல்லை வழியாக வெளியே வரும். அதற்கு ஆள் வைத்துத் தூக்க வேண்டும், செலவு உண்டு. மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் குழாயின் ஒரு முக்கியமான இடத்தில் அந்த மரியாதை கிடையாது. அவை வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சந்து திறந்து கிடக்கிற சந்து இல்லை. இரண்டு பக்கத்துச் செல்லும் ஆளுக்குப் பாதியாகப் புரதம் நீட்டி, கைகோத்து, ஒரு கதவு செய்து வைத்திருக்கின்றன. வருகிறவனின் அளவு என்ன, மின்னேற்றம் என்ன என்று பார்த்துத்தான் அந்தக் கதவு விடும். உன் குழாய்களில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கிறது. சந்துக் கதவு மட்டும் தப்பாக அமைந்துவிட்டது. மெக்னீசியம் வந்து நின்று பார்த்துவிட்டு, வழியில்லாமல் சாக்கடையோடு போகிறது. கூடவே போகிற கால்சியம் போகிற வழியில் கிட்னியிலேயே படிந்து கல்லாகிறது. அந்தப் புரதத்தையே இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. என் இரண்டு தொட்டிகளும் நூறு அடி இடத்தை அடைத்துக்கொண்டு, ஆசிட் குடித்து, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கின்றன. இது, கண்ணுக்குத் தெரியாத சந்தில் நின்றுகொண்டு ஆள் பார்த்து விடுகிறது.

எனக்கு ஏன் அது உடனே புரிந்தது தெரியுமா? நாம் இருந்தது குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். அந்தச் சுவர் வழியாக எது போகும், எது போகாது என்பதில் எனக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம். பக்கத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்பது போகும். யார் பையன் கணக்கில் பெயில் என்பது தாராளமாகப் போகும். ஒருத்தருக்கு உடம்பு முடியவில்லை, வந்து பார் என்பது மட்டும் அந்தச் சுவரில் நின்றுவிடும். உனக்கு வலிப்பு என்ற செய்தி ஒரே சாயங்காலத்தில் கடைசி வீடு வரைக்கும் போனது. உதவிக்கு ஒரு ஆள் இந்தப் பக்கம் வரவில்லை. ரொம்ப நேர்த்தியான கதவு.

டாக்டரம்மா கடைசியாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" "என் மாமா பொண்ணு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கதவைச் செய்வதற்கான மரபணுக் குறிப்பு எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்குமாம். ஒன்று தப்பானாலும் இன்னொன்று ஒப்பேற்றிவிடும். எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே தப்புப் பிரதி வந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டோம். எங்கள் கல்யாணம் எதற்காக நடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். செய்யூரில் நாலு ஏக்கர் சவுக்கும் வேர்க்கடலையும் வேற்று ஆள் கைக்குப் போகக்கூடாது. அதற்காகப் பொருத்தம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "சொந்தத்துக்குள்ள இன்னா மாப்ளே பொருத்தம்?" என்றார் மாமா. சொத்து வெளியே போகவில்லை. மெக்னீசியம் போய்விட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாம் உங்க வூட்டு ரத்தம்" என்பது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "எங்க வூடுன்னா எது மாமா? உங்க அம்மா பொறந்த வூடுதான?" மறுபடி வாய் திறக்காமல் வந்தேன் என்று எழுத ஆசை. அதற்கப்புறமும் பத்து வருடமாக, உனக்கு ஒவ்வொரு தடவை மாத்திரை மாற்றும்போதும், கிரியாட்டினின் ஏறும்போதும், செய்யூரை ஒரு குத்து குத்தாமல் நான் இருந்ததில்லை. வாழைத்தண்டுக் குடும்பம் என்பேன். சவுக்குக்கட்டைக்குப் பிறந்தவர்கள் என்பேன். மாமா செத்த பிறகும் விடவில்லை. அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உனக்கு ஒன்றிரண்டு புத்தி சொல்லத்தான் கடிதம் எழுதுவது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான். சுத்தம் என்று யாராவது எதையாவது நீட்டினால், அதிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிட்டான் என்று கேள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வேடிக்கையை அந்த இடத்திலேயே நிறுத்து, பாதி ஜதியில் நின்றாலும் பரவாயில்லை. சொந்தத்தில் பெண் பார்க்கலாம் என்று உன் அத்தை, அந்த ஜல்லி வைத்தியத்துக்காரி, பேச்செடுத்தால், அவளை வாசலோடு அனுப்பிவிடு.

போன வியாழக்கிழமை நீ டயாலிசிஸ் எடுக்கிற இடத்துக்கு வந்தேன். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், தூங்கும்போது உன் புருவம் இவ்வளவு பிடிவாதமாக இருக்காது. அங்கே இருந்த டெக்னீஷியன் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். மெஷினுக்கு என்ன தண்ணீர் என்று கேட்டேன். "அதுக்குன்னே பிளான்ட் கீது சார். எல்லா உப்பையும் எட்த்துட்டு, அப்பால டாக்டர் எழுதிக் குட்த்த உப்ப மட்டும் அளவா கலக்கணும். சும்மா சுத்தத் தண்ணி வுட்டா ஆளு காலி." காலி என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். பத்தாவது படித்துவிட்டு ஒரு வருடம் பயிற்சி எடுத்தவன். அவனுக்குத் தெரிந்தது எனக்கு இரண்டு வருடம் தெரியவில்லை. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், உன் கையில் இரண்டு ஊசியோடு அந்த மெஷின் செய்கிறதை ஒரு நல்ல கிட்னி சத்தமில்லாமல் செய்துவிடும். மாற்றி வைக்கிற கிட்னியில் சந்துக் கதவு சரியாக இருக்கும், மெக்னீசியம் போகாது, மாத்திரை முழுங்கி வயிறு கலங்க வேண்டாம் என்று உனக்கும் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தும் வேண்டாம் என்கிறாய். என்னுடையது என்பதால்.

அதனால்தான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டு வாங்கிக்கொள் என்று கேட்கவில்லை. மன்னிக்காமலே வாங்கிக்கொள். சந்துக் கதவு வருகிறவனின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை. அவன் முன்பு என்ன செய்தான், யாருடைய ஜதிக்கு யார் அழுதார்கள் என்று கேட்பதில்லை. வேண்டியதை மட்டும் விடுகிறது, மற்றதை வெளியே நிறுத்துகிறது. நீயும் அப்படிச் செய். கிட்னியை மட்டும் உள்ளே விடு, என்னை வெளியே நிறுத்து. ஆபரேஷன் முடிந்ததும் என்னோடு பேச வேண்டாம். போனை எடுக்க வேண்டாம். நான் எழுதுவதைப் படிக்கவும் வேண்டாம். இதைப் பற்றி இனி ஒரு வரி எழுத மாட்டேன். என்னைப் போன்றவனின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று நீ சிரிக்கலாம். சிரி. இந்த ஒரு தடவை சிரிப்பு உன்னுடையதாக இருக்கட்டும்.

உன்,
அப்பா.

கடிதத்தை முடித்துப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்ப உறையில் போட்ட பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். கிட்னி கொடுப்பதற்கு நான் போன வாரம் கொடுத்த பரிசோதனைகளின் முடிவு வந்திருந்தது. என் இடது கிட்னியில் நாலு மில்லிமீட்டரில் ஒரு கல், வலதில் பொடி. தப்புப் பிரதி ஒன்றே ஒன்று இருப்பவர்களிலும் சிலருக்கு இப்படி வருமாம். என்னுடையதை எடுக்க மாட்டார்கள். நான் நாற்காலியைவிட்டு எழாமல் இருந்ததைப் பார்த்து, "அதான் மேடமோடது மேட்ச் ஆயிடுச்சே சார், ஏன் டென்ஷன் ஆவறீங்க?" என்று கவுண்டரில் இருந்த பெண் ஒரு பைலைத் திருப்பிக் காட்டினாள். கொடுப்பவர் என்ற இடத்தில் உன் அம்மாவின் பெயர். பெறுபவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. தேதி, நீ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன நாளுக்கு மறுநாள்.